மலைமேல் ஏறும் மின்சாரம்

நெல்லை விளைவித்தவன் அதைக் குதிரில் கொட்டி வைக்கிறான். உப்பை விளைவித்தவன் அம்பாரமாகக் குவித்து, கீற்றால் மூடி வைக்கிறான். ஐப்பசியில் பெய்த மழையை ஏரி தைமாதம் வரை தாங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு பொருள் விளையும் காலமும் அது வேண்டப்படும் காலமும் ஒன்றாக அமைவது அரிது. இடைப்பட்ட நாள்களை மனிதன் சேமிப்பினாலேயே கடந்து வந்திருக்கிறான். இந்த ஏற்பாட்டுக்கு எளிதில் இணங்காத விளைபொருள் ஒன்று உண்டு. அதுதான் மின்சாரம்.

நம் வீட்டு விளக்கில் இந்த வினாடி எரிகின்ற மின்சாரம் நேற்று உண்டாக்கி வைத்ததன்று. இந்த வினாடியில் எங்கோ ஒரு நிலையத்தில் ஓர் இயந்திரம் சுழல்வதாலேயே அது எரிகிறது. நாடு முழுவதும் உள்ள விளக்குகள், விசிறிகள், நூற்பாலைகள், கிணற்றுப் பம்புகள், ரயில்கள் ஆகிய யாவும் ஒரு கணத்தில் எவ்வளவு கேட்கின்றனவோ, அவ்வளவையும் அதே கணத்தில் உண்டாக்கிக் கொடுத்தாக வேண்டும். கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். இந்தச் சமநிலையைக் காட்டும் அளவுகோல் ஒன்றுண்டு. நம் நாட்டில் மின்னோட்டம் வினாடிக்கு 50 முறை திசைமாறிச் சுழல்கிறது. இதனை அதிர்வெண் என்பர். பாரவண்டி மேட்டில் ஏறும்போது மாட்டின் நடை தளர்வதுபோல, மின்தேவை உற்பத்தியை மிஞ்சும்போது நாட்டின் இயந்திரங்கள் அனைத்தும் ஒருசேரச் சற்றே தளர்கின்றன. 50 என்பது 49.9 ஆகிறது. உற்பத்தி மிஞ்சினால் இறக்கத்தில் ஓடும் வண்டிபோல வேகம் கூடுகிறது. 49.90-க்கும் 50.05-க்கும் இடையே இதனை நிறுத்தி வைக்கவேண்டும் என்பது இந்திய மின்தொகுப்பின் விதி. எவ்வளவு குறுகிய வரப்பின்மீது நடக்கவேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

வரப்பிலிருந்து கால் தவறினால் என்ன ஆகும் என்பதை 2012-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 31-ஆம் நாள் நாடு கண்டது. வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் அன்று ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதி இருளில் மூழ்கியது. இதற்கு நேர்மாறான ஒரு காட்சியையும் நீங்கள் நினைவுகூரலாம். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் இரவு 9 மணிக்கு, ஒன்பது நிமிடம் மின்விளக்குகளை அணைத்து அகல் ஏற்றும்படி மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். நம்மில் பலருக்கு அது அகல் ஏற்றிய நிகழ்ச்சி. மின்தொகுப்பைக் காக்கும் பொறியியலாளருக்கோ அது பெருஞ்சோதனை. சில நிமிடங்களில் தேவை ஏறத்தாழ 31,000 மெகாவாட் இறங்கி, மறுபடியும் ஏறியது. அந்தச் சரிவை யார் தாங்கினார்கள்? நிலக்கரி நிலையங்களால் அவ்வளவு விரைவாக இறங்கி ஏற முடியாது; கொதிகலன் சூடேறவும் ஆறவும் பல மணிநேரம் பிடிக்கும். நீர்மின் நிலையங்களே அன்று நாட்டைத் தாங்கின. மதகை மூடி 17,000 மெகாவாட்டுக்குமேல் குறைத்தன. ஒன்பது நிமிடம் கழிந்ததும் மதகைத் திறந்தன. அதிர்வெண் 49.70-க்குக் கீழேயும் போகவில்லை, 50.26-க்கு மேலேயும் போகவில்லை. கடிவாளத்துக்கு உடனே அடங்கும் குதிரை நீர்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுக்கு இயற்கை அளித்துள்ள கொடைகளில் ஒன்று கணவாய்க் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைத்தொடரில் முட்டி, வழி கிடைத்த இடங்களிலெல்லாம் புகுந்து வருகிறது. ஆரல்வாய்மொழியிலும், செங்கோட்டையிலும், கம்பத்திலும், பாலக்காட்டுக் கணவாயின் வழியாக உடுமலை, பல்லடம் பக்கத்திலும் அது வைகாசியிலிருந்து புரட்டாசி வரை வீசுகிறது. 1986-இல் தூத்துக்குடிக்கு அருகே முதன்முதலாகக் காற்றாலைப் பண்ணை அமைத்துப் பார்த்தார்கள். இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்திருக்கிறது. அதன்பின் சூரியன் வந்தான். இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் எழுந்தது. வேலிகாத்தான் மண்டிய வறட்டு நிலங்களுக்கும் ஒரு விளைச்சல் கிடைத்தது.

கொடை பெரிதுதான். ஆனால் கொடையாளி நம் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை. ஆடிமாத நள்ளிரவில், ஊர் உறங்கும்போது, காற்று ஓங்கி அடிக்கும். சித்திரை மாலையில், ஊரே புழுங்கி விசிறியைத் தேடும்போது, ஓர் இலையும் அசையாது. சூரியனோ நண்பகலில் வாரி வழங்கிவிட்டு, நாம் விளக்கேற்றும் நேரம் பார்த்து மறைந்துவிடுகிறான். மாலை ஐந்தரை மணியிலிருந்து ஏழரை மணிக்குள் ஒரு பக்கம் சூரிய மின்சாரம் முழுவதும் வற்றுகிறது. மறுபக்கம் வீடுகளின் தேவை ஏறுகிறது. இந்த இரண்டு மணிநேர ஏற்றந்தான் இன்று மின்தொகுப்பாளர்களின் செங்குத்தான மலை.

காற்று மிகுந்த இரவுகளில் வேறொரு தொல்லை. நிலக்கரி நிலையத்தை அதன் திறனில் ஏறத்தாழ 55 சதவீதத்துக்குக் கீழே இறக்குவது கடினம். அதை அடியோடு நிறுத்தினால் மறுநாள் காலையில் வேண்டும்போது அது கிடைக்காது. ஆகவே அடுப்பு எரிந்துகொண்டிருக்க, காற்றாலையை நிறுத்தும்படி சொல்லவேண்டிய நேரங்கள் வந்துவிடுகின்றன. விலையின்றி வருகிற காற்றை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டு, விலைகொடுத்து வாங்கிய கரியை எரிக்கிறோம். காற்றாலை வைத்திருப்பவருக்கு இது வருமான நஷ்டம். அந்தக் கரியின் புகையைச் சுவாசிக்கும் அனைவருக்கும் அது வேறுவகை நஷ்டம்.

இங்கே ஒரு சிறு குழப்பத்தை அகற்றிவிடுகிறேன். சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் நூற்பாலைகள், காற்றுக்காலத்தில் மிஞ்சிய யூனிட்டுகளை மின்வாரியத்தின் கணக்கில் ‘வங்கியில் போட்டு’, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு தமிழகத்தில் நெடுங்காலமாக இருந்துவந்தது. இதைக் கேட்ட மாணவர் சிலர், ஆடிமாத மின்சாரம் எங்கோ ஒரு பெரிய பெட்டிக்குள் மார்கழிவரை இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். பேரேட்டில் எண்ணைச் சேமிக்கலாம். மின்சாரத்தைச் சேமிக்க முடியாது. ஆடியில் விளைந்தது ஆடியிலேயே செலவாகிவிட்டது. மார்கழியில் அந்த ஆலைக்குக் கிடைப்பது வேறோர் அடுப்பில் வெந்த மின்சாரம்.

அப்படியானால் மின்சாரத்தை வைத்திருக்க வழியே இல்லையா? மின்சாரமாகவே வைத்திருப்பது அரிது. வேறோர் உருவில் வைத்திருக்கலாம். அவ்வுருவங்களில் மிகப் பழையது உயரத்தில் நிற்கும் தண்ணீர். நம் பாட்டனார் காலத்தில் கவலை என்றும் கமலை என்றும் ஓர் இறைவை இருந்தது. மாடுகள் சரிவில் இறங்கும். கிணற்றிலிருந்து சால் மேலே வரும். ஒன்று இறங்கினால் மற்றொன்று ஏறும். அந்த மாட்டின் இடத்தில் மின்சாரத்தையும், கிணற்றின் இடத்தில் மலையடி நீர்த்தேக்கத்தையும் வைத்துப் பாருங்கள். மின்சாரம் மிஞ்சும்போது கீழ்த்தேக்கத்து நீரை மேல்தேக்கத்துக்கு ஏற்றிவிடவேண்டும். மின்சாரம் வேண்டும்போது அந்த நீரை இறக்கிவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றிக்கொள்ளவேண்டும். நீரேற்றுப் புனல் மின்நிலையம் என்பது இவ்வளவுதான். இது புதிய எண்ணமுமன்று. சுவிட்சர்லாந்தில் ஷாஃப்ஹௌசன் நகரத்தார் 1909-ஆம் ஆண்டிலேயே ரைன் ஆற்று நீரைக் குன்றின்மேல் ஒரு குளத்துக்கு ஏற்றி இம்முறையைக் கையாண்டார்கள். அந்தக் குளம் நூறாண்டு கடந்தும் பணியாற்றுகிறது.

எவ்வளவு நீர், எவ்வளவு உயரம் என்ற கேள்விக்குப் பௌதிகப் பாடநூலில் உள்ள ஒரு சிறு பெருக்கல் விடை சொல்லும். நிறையை உயரத்தாலும் ஈர்ப்பு முடுக்கத்தாலும் பெருக்கினால் நிலை ஆற்றல் கிடைக்கிறது. உங்கள் வீட்டு மாடியில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் 1,000 லிட்டர் தொட்டி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒரு டன் நீரிலும் அடங்கியிருக்கும் ஆற்றல் 98,000 ஜூல். இது பெரிய எண்போலத் தோன்றும். உண்மையில் 9 வாட் விளக்கு ஒன்றை மூன்று மணிநேரம் எரிக்கத்தான் இது போதும். அதே தொட்டியை 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால்தான் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஈடாகும். மாடிவீட்டுத் தொட்டிகளைக் கொண்டு நாட்டைக் காப்பாற்ற முடியாது. மலையும் பெருநீரும் வேண்டும் என்பது இக்கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் இந்த இரண்டும் ஒருங்கே அமைந்த இடம் கடம்பாறை. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்கு ஏறும் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அந்த மலைப்பகுதியில், அட்டகட்டிக்கு அப்பால், ஆனைமலைக் காடுகளுக்கிடையே கடம்பாறை அணை இருக்கிறது. அதற்குக் கீழே, வெகு ஆழத்தில், மேல் ஆழியாறு நீர்த்தேக்கம். இரண்டையும் சுரங்கக் குழாய்கள் இணைக்கின்றன. இடையே மலையைக் குடைந்த மண்டபத்தில் நூறு மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்கள் நிற்கின்றன. இவை 1987-க்கும் 1989-க்கும் இடையே ஒவ்வொன்றாக இயங்கத் தொடங்கின. மேலுக்கும் கீழுக்கும் உள்ள உயர வேறுபாடு, சற்றுமுன் நாம் கணக்கிட்ட 367 மீட்டரை ஒட்டியதே. ஆகவே மனக்கணக்கு எளிது: கடம்பாறையில் இறங்குகிற ஒவ்வொரு டன் நீருக்கும் ஏறத்தாழ ஒரு யூனிட். இழப்பைக் கழித்தால் சற்றுக் குறையும். நான்கு இயந்திரங்களும் ஒரு மணிநேரம் முழுத்திறனில் ஓடினால் 4 லட்சம் யூனிட். அதற்கு 4 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட நீர் இறங்கவேண்டும். நகரங்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய லாரிகள் ஒன்பதை வினாடிக்கு வினாடி கவிழ்ப்பதற்குச் சமம் இது.

அங்குள்ள இயந்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் அதன் எளிமை எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. பம்பு ஒன்று, டர்பைன் ஒன்று என இரண்டு இயந்திரங்கள் அங்கில்லை. ஒரே சக்கரந்தான். மேலிருந்து நீர் பாய்ந்தால் அது டர்பைனாகச் சுழல்கிறது. அதனோடு ஒரே அச்சில் பூட்டிய மின்பொறி மின்சாரத்தை உண்டாக்குகிறது. அதே மின்பொறிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து எதிர்த்திசையில் சுழற்றினால் அது மோட்டாராகிவிடுகிறது. சக்கரம் பம்பாகி நீரை மேலே தள்ளுகிறது. நின்ற நிலையிலிருந்து பம்பாகத் தொடங்குவதுதான் சிரமமான கட்டம். நீரில் மூழ்கிய சக்கரத்தை அசைத்து எழுப்புவது பெருஞ்சுமை. ஆகவே இத்தகைய பெரிய நிலையங்களில் அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்திச் சக்கர அறையிலுள்ள நீரைக் கீழே தள்ளிவிடுவார்கள். சக்கரம் காற்றிலேயே சுழன்று முழுவேகம் எய்தும். பிறகு காற்றை மெல்ல வெளியேற்றி நீரை உள்ளே விடுவார்கள்; அப்போது அது பாரத்தை ஏற்கும்.

இந்த நிலையத்தை ஏன் மலைக்குள் புதைத்தார்கள் என்று கேட்பவர் உண்டு. மறைத்து வைக்கும் நோக்கம் அன்று. கிணற்றுக்கு மேலே வைத்த பம்பு ஏறத்தாழ பத்து மீட்டருக்குக் கீழே உள்ள நீரை உறிஞ்ச முடியாது என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். காற்றின் அழுத்தம் அதற்குமேல் நீரைத் தூக்கித் தருவதில்லை. பெரிய சக்கரம் வேகமாகச் சுழலும்போது அதன் இதழ்களுக்கருகே அழுத்தம் மிகவும் தாழ்ந்து, நீர் குளிர்ந்த நிலையிலேயே கொதித்துக் குமிழிகளாகும். அடுத்த நொடியில் அக்குமிழிகள் உடையும். உடையும் ஒவ்வொரு குமிழியும் ஓர் ஊசிச் சுத்தியல். எஃகையும் அரித்துத் தின்றுவிடும். இதைத் தவிர்க்க ஒரே வழி, கீழ்த்தேக்கத்தின் நீர்மட்டத்துக்கும் வெகுதாழ்வாகச் சக்கரத்தை வைத்து, எப்போதும் நீரின் பாரம் அதன்மேல் அழுத்தும்படி செய்வது. அதற்காகவே மலையின் வயிறு தேவைப்படுகிறது.

இந்தக் கணக்குகளை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்தார். “ஐயா, நான்கு யூனிட் செலவழித்து நீரை ஏற்றினால் மூன்று யூனிட்தான் திரும்பி வருகிறது என்கிறீர்கள். இது நஷ்ட வியாபாரம் ஆயிற்றே?” என்றார். நல்ல கேள்வி. பம்பில் கொஞ்சம், குழாயின் உராய்வில் கொஞ்சம், திரும்பி வரும்போது டர்பைனில் கொஞ்சம் என நூற்றுக்கு இருபது முதல் முப்பது பங்கு வழியிலேயே தேய்ந்துவிடுவது உண்மை. ஆகவே நீரேற்று நிலையத்தை மின்சாரம் விளைகின்ற இடம் என்று சொல்வது பிழை. அது மின்சாரத்தைத் தின்னும் இடம். நான் அவரிடம் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டேன்: அறுவடை நாளில் களத்துமேட்டில் கிடக்கும் நான்கு மூட்டை நெல்லும், ஐப்பசி அடைமழையில் வீட்டுக்குள் இருக்கும் மூன்று மூட்டை நெல்லும் ஒரே மதிப்புடையனவா? வகுப்பில் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். விடையை நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. நள்ளிரவில் திருப்பி அனுப்பப்படவிருந்த காற்று நான்கு யூனிட் என்றால், அதன் மதிப்பு அந்நேரத்தில் பூஜ்யம். அதிலிருந்து மாலை ஏழு மணிக்கு மூன்று யூனிட் கிடைக்குமாயின் அது முழுவதும் வரவே.

கடம்பாறையைக் கட்டிய நாளில் காற்றும் சூரியனும் கணக்கிலேயே இல்லை என்பது இதில் சுவையான செய்தி. அன்று நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும், எண்ணூர், தூத்துக்குடி அனல் நிலையங்களுமே பெரும்படி. அனல் நிலையம் இரவிலும் ஓடியாகவேண்டும். இரவில் தேவை குறைவு. அந்த மிச்சத்தைக் கொண்டு நள்ளிரவில் நீரை ஏற்றுவதும், விளக்கு வைக்கும் நேரத்தில் இறக்குவதுமே அதன் நோக்கம். சூரிய மின்சாரம் பெருகியபின் காலச்சக்கரம் திரும்பிவிட்டது. இப்போது மின்சாரம் மலிந்து கிடப்பது நண்பகலில். நள்ளிரவுக்காகச் செய்த இயந்திரம் உச்சிவெயிலில் நீரேற்றும் காலம் வந்திருக்கிறது. இயந்திரத்தில் ஒரு திருகாணியையும் மாற்றவேண்டியதில்லை. ஏற்றும் வேளை மட்டும் மாறுகிறது.

வேறோர் ஆதாயமும் உண்டு. அது யூனிட் கணக்கில் வராது. 400 மெகாவாட் நீரேற்றிக்கொண்டிருக்கும் நிலையத்தைத் திடீரென்று நிறுத்தினாலே தொகுப்பின் சுமையில் 400 மெகாவாட் குறைகிறது. நிறுத்தியபின் அதையே திருப்பி ஓட்டினால் இன்னும் 400 மெகாவாட் வரவு. ஆக, 400 மெகாவாட் நிலையம் 800 மெகாவாட் அளவுக்குத் தராசை அசைக்கவல்லது. மேலும், சுழலும் கனத்த எஃகுச் சக்கரத்துக்குத் தன் ஓட்டத்தை எளிதில் விடாத நிலைமம் உண்டு. எங்கோ ஒரு நிலையம் பழுதாகி நின்றுவிட்டால், முதற் சில வினாடிகள் தொகுப்பைத் தாங்குவது இத்தகைய சக்கரங்களின் நிலைமமே. சூரியப் பலகையில் சுழல்வது ஒன்றுமில்லை. அதனிடம் இந்த உதவியை இயல்பாக எதிர்பார்க்க முடியாது.

விரைவுக்குப் பெயர்போன நிலையம் பிரிட்டனில் வேல்ஸ் நாட்டில் இருக்கிறது. டினார்விக் என்பது அதன் பெயர். எழுதுபலகைக்குரிய சிலேட்டுக்கல்லை நெடுங்காலம் வெட்டியெடுத்து, 1969-இல் மூடப்பட்ட ஒரு கற்சுரங்கத்தின் மலைக்குள்ளே அதைக் கட்டினார்கள், 1984-இல் திறந்தார்கள். ஆறு இயந்திரங்கள், மொத்தம் 1,728 மெகாவாட். சக்கரங்களைக் காற்றில் சுழலவிட்டுத் தயாராக வைத்திருந்தால், ஏறத்தாழ 12 வினாடியில் 1,320 மெகாவாட்டைக் கொடுத்துவிடும். இவ்வளவு அவசரம் எதற்கு என்பீர்கள். தொலைக்காட்சியில் எல்லாரும் பார்க்கும் நாடகம் முடிந்தவுடன் அந்நாட்டார் ஒரே நேரத்தில் எழுந்து, தேநீருக்கு மின்கெட்டிலில் வெந்நீர் வைப்பது வழக்கம். லட்சக்கணக்கான கெட்டில்கள் ஒருசேரக் கேட்கும் மின்சாரத்தை உடனே கொடுத்தாகவேண்டும். ஒரு தேசத்தின் தேநீர்ப் பழக்கத்துக்காக ஒரு மலை விழித்திருப்பது வேடிக்கைதான்; ஆனால் அந்த மலையே பிற்காலத்தில் காற்று மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தையும் தாங்கப் பயன்பட்டது. அளவில் இன்று உலகில் பெரியது சீனத்தில் ஹெபெய் மாகாணத்து ஃபெங்நிங் நிலையம். அது 3,600 மெகாவாட் திறனுடையது. 2024-இன் இறுதியில் முழுமை பெற்றது.

இவ்வளவு சொன்னபின் இதன் எல்லையையும் சொல்லவேண்டும். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. கடம்பாறையின் 400 மெகாவாட் அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு. பெருங்கல்யாணத்துப் பந்தியில் ஒரு குடம் நீர் எவ்வளவோ அவ்வளவு. இரண்டாவதாக, நீரேற்று நிலையத்தின் கணக்கு மணிக்கணக்கு, மாதக்கணக்கன்று. பகலின் மிச்சத்தை மாலைக்குக் கொண்டுவரும். இரவின் மிச்சத்தைக் காலைக்குக் கொண்டுவரும். ஆடிக்காற்றை மார்கழிக்குக் கொண்டுபோக நினைத்தால், மலைத்தொடர் முழுவதையும் தேக்கமாக்கினாலும் போதாது. ஆடிக்கும் மார்கழிக்கும் இடையிலுள்ள பள்ளத்தை வேறு வழிகளால்தான் நிரப்பவேண்டும். காற்றடிக்காத மாதங்களில் வெயில் காய்கிறது என்பது நமக்குள்ள பெரிய ஆறுதல்.

மின்கலங்கள் இருக்கின்றனவே, மலையை ஏன் குடைய வேண்டும் என்று இக்காலத்து இளைஞர் கேட்பது நியாயமே. லித்தியம் மின்கலங்களின் விலை கடந்த பல ஆண்டுகளில் வெகுவாகச் சரிந்திருக்கிறது. அவை வேண்டிய இடத்தில், சில மாதங்களில் நிறுவத்தக்கவை. ஏற்றி இறக்குவதில் இழப்பும் குறைவு. ஒன்றிரண்டு மணிநேரத் தேவைக்கு அவையே சிறந்தவை என்று நானும் கருதுகிறேன். ஆனால் ஆறு மணி, எட்டு மணி என்று நேரம் நீளும்போது ஒவ்வொரு மணிக்கும் புதிதாக மின்கலம் வாங்கவேண்டும். மலையிலோ தேக்கத்தில் நீர் சற்று மிகுந்திருந்தால் போதும். மின்கலம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மூப்படையும். ஷாஃப்ஹௌசன் குளத்தின் வயதை முன்பே சொன்னேன்.

மலைகளுக்கு உரியவர்கள் பொறியியலாளர் மட்டுமல்லர். ஆனைமலையும் நீலகிரியும் யானைகளின் வழித்தடங்கள். சோலைக்காடும் புல்வெளியும் மாறிமாறி அமைந்து, மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்து, கோடையிலும் ஓடைகளில் கசியவிடும் இடங்கள். பழங்குடி மக்களின் ஊர்கள். புதிதாக ஓர் அணை எழுப்பினால் ஒரு பள்ளத்தாக்கு மூழ்கும். சாலை போட்டால் அதன்வழியே வேறு பலவும் வந்துசேரும். காற்றையும் கதிரையும் காக்கப் போய்க் காட்டை இழப்பது அறிவுடைமையாகாது. மின்சாரத்துக்கு மாற்று வழிகள் ஐந்தாறு உண்டு. சோலைக்காட்டுக்கு மாற்று இல்லை. ஆகவே, ஏற்கெனவே கட்டப்பட்டு, ஒன்றுக்கொன்று அருகே, வெவ்வேறு உயரங்களில் உள்ள தேக்கங்களை முதலில் இணைக்கவேண்டும் என்பதே என் கருத்து. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளையும், ஆற்றோடு தொடர்பில்லாத வறண்ட குன்றுகளையும் அதன்பின் ஆராயலாம். அணைநீரை நம்பியிருக்கும் பாசனத்தாருடன் முன்கூட்டியே பேசிவிடுவதும் நன்று. நீரேற்று நிலையம் நீரைச் செலவழிப்பதில்லை. ஆவியாவது போக, அதே நீரே ஏறி இறங்குகிறது. என்றாலும் கீழ்த்தேக்கத்து மட்டம் மணிக்கு மணி மாறுவதைக் காணும் உழவருக்குக் காரணம் தெரியாவிட்டால் மனம் பதறுவது இயல்பே.

நீலகிரியில் குந்தாவில் மேற்கொள்ளப்பட்டுள்ள நீரேற்றுத் திட்டம் இவ்வகையில் கவனிக்கத்தக்கது. அதற்கு மேல்தேக்கம் போர்த்திமந்து, கீழ்த்தேக்கம் அவலாஞ்சி-எமரால்டு. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு வளர்ந்த பழைய குந்தா மின்திட்டத்தைச் சேர்ந்தவை இவை, 1960-களிலிருந்தே நிற்பவை. புதிதாகக் குடையவேண்டியவை இரண்டையும் இணைக்கும் சுரங்கங்களும், 125 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு நிற்பதற்கான நிலத்தடி மண்டபமுமே. நிறைவேறும்போது மொத்தம் 500 மெகாவாட். குந்தாவின் நீர் இதுவரை மலையிலிருந்து ஒவ்வொரு மின்நிலையமாகக் கீழ்நோக்கியே சென்றுகொண்டிருந்தது. அதில் ஒரு பகுதி இனி வெயில் நேரத்தில் வந்த வழியே மேலேறும்.